வெள்ளச்சிக்கு வந்த தடிமன்

மாரி தொடங்கி மூன்று வாரமாகிவிட்டது. மட்டக்களப்பு ஆரையம்பதியில் எங்கள் ஒழுங்கையில் இருமல் சத்தம் கேட்காத வீடு இப்போது இல்லை. முந்தாநாள் மாலை, முன்வீட்டுப் பேத்தி காய்ச்சலோடு படுத்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் பார்க்கப் போயிருந்தேன். ஏழு வயதுப் பிள்ளை போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கிடந்தாள். அவளுடைய நாடிக்குக் கீழே, அதே போர்வைக்குள்ளிருந்து, ஒரு பூனைக்குட்டியின் முகமும் வெளியே தெரிந்தது. அம்மம்மா கவலையோடு என்னிடம் கேட்டார்: "மனே, இந்தக் குட்டிக்கிட்ட இருந்துதான் புள்ளைக்குக் காய்ச்சல் வந்திருக்குமோ?"

"குட்டிக்கிட்ட இருந்து வந்திருக்காது மாமி. புள்ளைக்கிட்ட இருந்து குட்டிக்குப் போகாமப் பாருங்க" என்றேன். மனிதருடைய தடிமன் பூனைக்கும் போகுமா என்று அவர் வியந்து கேட்டார். நான்கைந்து நிமிடம் வாசலில் நின்று சொல்ல முடிந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன். மீதியை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்வி 2021ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. அப்போது எனக்கு விடை தெரியாமல் இருந்ததனால் ஓர் உயிரை இழக்கும் அளவுக்குப் போய்த் திரும்பினோம்.

விலங்கிலிருந்து மனிதருக்கு நோய் வரும் என்பது எங்களுக்குப் புதிதல்ல. நாய் கடித்தால் விசர் வரும் என்ற அச்சத்தோடுதான் இங்கே ஒவ்வொரு பிள்ளையும் வளர்கிறது. வயல் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்தால் எலிக்காய்ச்சல் வரும் என்பது படுவான்கரையில் வேளாண்மை செய்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் நோய் எதிர்த்திசையில், நம்மிடமிருந்து நாம் வளர்க்கும் உயிருக்குப் போகும் என்பதைச் சொல்லப் புழக்கத்தில் ஒரு சொல்கூட எங்களிடம் இல்லை. சொல் இல்லாத ஆபத்தை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

2021 ஓகஸ்ற் 20ஆம் திகதி நாடு முழுவதும் தனிமைப்படுத்தல் ஊரடங்கு தொடங்கியது. அது ஒக்ரோபர் முதலாம் திகதிவரை நீடித்தது. ஊரடங்கு தொடங்கிய அந்தக் கிழமையிலேயே அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. அன்ரிஜன் பரிசோதனையில் கொவிட் தொற்று உறுதியானது. பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து படலையில் அறிவித்தல் ஒட்டிவிட்டுப் போனார். அம்மாவுக்கு மூச்சுத் திணறல் இல்லாதபடியால் வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். நாங்கள் அம்மாவின் அறையைத் தனியாக ஒதுக்கினோம். கோப்பை, கரண்டி, துவாய் எல்லாவற்றையும் பிரித்தோம். உள்ளே போகும்போது முகக்கவசம் போட்டோம். எங்கள் பூனை வெள்ளச்சியைப் பற்றி மட்டும் யாருக்கும் எண்ணம் வரவில்லை. அவள் வழக்கம்போல யன்னல் கம்பிக்குள்ளால் அந்த அறைக்குள் புகுந்து, வழக்கம்போல அம்மாவின் தலையணை ஓரத்தில் சுருண்டு படுத்தாள். அம்மா இருமும்போது அவள் காதுகள் ஒவ்வொரு தடவையும் பின்னுக்கு மடியும். தனிமையில் கிடந்த அம்மாவுக்கு அது ஒன்றுதான் துணை என்று நாங்கள் மகிழ்ச்சிகூடப் பட்டோம்.

ஆறாம் நாள் வெள்ளச்சி தும்மத் தொடங்கினாள். கண்ணிலிருந்து நீர் வடிந்து மூக்கின் இரு பக்கமும் காய்ந்து பழுப்பு நிறக் கோடாக இருந்தது. ஊரடங்கிலும் தெரிந்த ஒருவர் படலைக்கு வெளியே சூடை மீன் வைத்துவிட்டுப் போயிருந்தார். சூடையின் தலை என்றால் குசினிப் படியில் ஏறி நின்று கத்துபவள், அன்று அதை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போய் அரிசிப் பெட்டிக்குப் பின்னால் படுத்துக்கொண்டாள். முகர்ந்தாளா, முகர முடியாமல் போனாளா என்பதை நான் பின்னர்தான் யோசித்தேன். மூக்கடைத்த பூனை சாப்பிடாது. மணம் தெரியாத உணவு அதற்கு உணவே அல்ல.

அம்மா செய்ததுதான் எந்தத் தாயும் செய்திருக்கக்கூடியது. தனக்குத் தந்திருந்த பனடோலில் ஒன்றை எடுத்து, போத்தல் மூடியின் மேல் வைத்துக் கத்தியால் நான்காக உடைத்தார். ஒரு துண்டைப் பொடியாக்கி வெதுவெதுப்பான பாலில் கரைத்தார். "சின்னப் புள்ளைக்குக் கால் குளுசை குடுக்கிறதுதானே" என்று கதவுக்கு உள்ளேயிருந்து என்னிடம் சொன்னார். அந்த நேரத்தில் நான் ஒரு மிருக வைத்தியருடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபடியால் அந்த வார்த்தை அவருக்கும் கேட்டது. அவர் குரலை உயர்த்தி, "அந்தப் பாலை உடனே வெளியே கொட்டிவிடச் சொல்லுங்கள்" என்றார்.

இதை யார் எங்கே வாசித்தாலும் நினைவில் வைத்திருக்கவேண்டும் என்று விரும்புகிறேன். பனடோல் என்று நாம் எல்லோரும் சொல்கிற பரசிற்றமோல் பூனைக்கு நஞ்சு. மனிதரின் ஈரல் அந்த மருந்தைப் பெரும்பாலும் ஆபத்தில்லாத பொருளாக மாற்றி வெளியேற்றிவிடுகிறது. அதற்குத் தேவையான நொதியம் பூனையின் ஈரலில் போதியளவு இல்லை. ஆகவே மருந்து வேறு வழியில் சிதைந்து, அதிலிருந்து உண்டாகும் நச்சுப்பொருள் இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசன் சுமக்க முடியாததாக மாற்றிவிடுகிறது. முரசு, அதாவது பல் ஈறு, செம்மை போய்ப் பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். ஒரு மாத்திரையில் 500 மில்லிகிராம் இருக்கிறது. மூன்று, நான்கு கிலோ எடையுள்ள பூனையைக் கொல்ல அதில் பாதியே போதும். அதைவிடக் குறைந்த அளவுகூடத் தீங்கு செய்யும். நாய்க்கும் வைத்தியர் சொல்லாமல் கொடுக்கக்கூடாது. மூக்கடைப்புக்கு நாம் பூசுகிற கற்பூரம், யூக்கலிப்டஸ் சேர்ந்த தைலங்களும் பூனைக்கு ஆகாது. பூசினால் அது தன் உடம்பை நக்கும்போது எல்லாம் வயிற்றுக்குள் போய்விடும். தொற்று நீங்கட்டும் என்று செனிடைசர் பூசுவதும் டெட்டோல் தண்ணீரில் குளிப்பாட்டுவதும் இதே காரணத்துக்காகவே கூடாதவை. மனிதரின் வைரஸ் கொல்லாத பூனையை மனிதரின் மருந்து கொன்றுவிடும்.

வெள்ளச்சிக்குக் கொவிட்தான் வந்தது என்று நான் எங்கும் சொல்வதில்லை. அவளுக்குப் பரிசோதனை செய்யப்படவில்லை. பூனைகளுக்கென்றே சில தடிமன் வைரஸ்கள் உண்டு. பூனைக்குரிய ஹெர்பிஸ் வைரஸும் கலிசி வைரஸும் தும்மலையும் கண்ணீரையும் மூக்கடைப்பையும் உண்டாக்கும், அவை மனிதருக்குத் தொற்றுவதில்லை. பூனைக்குத் தனியாக ஒரு கொரோனா வைரஸும் நெடுங்காலமாக இருக்கிறது. அது 2019இன் இறுதியில் வந்த கொவிட் வைரஸுக்கு உறவு முறையில் தூரத்துச் சொந்தம் மட்டுமே. பெயர் ஒன்றாக இருப்பதால் பலர் குழம்பினார்கள். பழைய ஆய்வுக்கூட அறிக்கை ஒன்றில் கொரோனா என்ற சொல்லைப் பார்த்துவிட்டுப் பூனையை வெளியே விட்டவர்களையும் நான் அறிவேன்.

ஆனால் அம்மாவிடமிருந்து வெள்ளச்சிக்குத் தொற்றியிருக்கக்கூடும் என்று வைத்தியர் சொன்னதற்கு வலுவான ஆதாரங்கள் இருந்தன. 2020 பெப்ரவரியில் ஹொங்கொங்கில், தொற்றுக்குள்ளான ஒரு பெண்ணின் வீட்டிலிருந்த 17 வயதுப் பொமரேனியன் நாயில் வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே நோயாளர்களின் வீடுகளிலிருந்து எடுத்து வைக்கப்பட்டிருந்த 15 நாய்களைச் சோதித்தபோது இரண்டில் மட்டும் வைரஸ் இருந்தது. நாய் வெளியே எங்கோ பிடித்துக்கொண்டு வந்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு இங்கேதான் விடை இருக்கிறது: வைரஸின் மரபணுவை எழுத்தெழுத்தாக வாசித்து ஒப்பிட்டார்கள். நாயின் மூக்கிலிருந்த வைரஸும் அந்த வீட்டு மனிதருடைய வைரஸும் ஒத்துப்போயின. வீட்டாருக்கு முதலில் வந்தது, நாய்க்குப் பின்னர் வந்தது. அந்த மார்ச்சில் பெல்ஜியத்தில் ஒரு பூனைக்கும், ஏப்ரலில் நியூயோர்க்கின் பிரொன்ஸ் மிருகக்காட்சிச்சாலையில் நாடியா என்ற நான்கு வயதுப் புலிக்கும் தொற்று வந்தது. புலிக்கு அதன் பராமரிப்பாளரிடமிருந்து வந்தது என்றே கருதப்பட்டது.

பூனைக்கு எளிதில் வருவதையும் நாய்க்கு அவ்வளவாக வராததையும் அந்த ஏப்ரலிலேயே சீனாவின் ஹார்பின் நகரிலுள்ள மிருக வைத்திய ஆய்வு நிறுவனம் சோதித்துப் பார்த்து வெளியிட்டது. வைரஸ் உயிரணுவுக்குள் நுழைவதற்கு ஏசிஈ2 என்ற புரதத்தைப் பற்றிக்கொள்ளவேண்டும். பூனையின் ஏசிஈ2 மனிதருடையதை நன்றாக ஒத்திருப்பதால் வைரஸ் அதில் இலகுவாகப் பற்றிக்கொள்கிறது. பூனையிலும், எங்கள் வாவியில் திரியும் நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்த ஃபெரட் என்ற சிறு விலங்கிலும் வைரஸ் நன்றாகப் பெருகியது. நாயில் குறைவாகவே பெருகியது. பன்றி, கோழி, தாரா ஆகியவற்றில் பெருகவில்லை. அவ்வாண்டு அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் யோஷிஹிரோ கவயோக்காவின் குழு, தொற்றிய மூன்று பூனைகளோடு தொற்றாத மூன்று பூனைகளைக் கூட்டுக்கு ஒன்றாகச் சேர்த்து வைத்தபோது, சேர்த்து வைத்த மூன்றுக்கும் தொற்று வந்தது. ஆறில் ஒன்றுகூட நோய்க்குறி காட்டவில்லை. நோய் வந்து போனதே தெரியாமல் எத்தனை வீட்டுப் பூனைகள் அந்த ஆண்டுகளைக் கடந்திருக்கும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் நோயாளர் இருந்த 196 வீடுகளுக்கு நேரிலே போய் 310 நாய் பூனைகளைச் சோதித்தபோது, 13இல் வைரஸும், 54இல் தொற்று வந்துபோனதைக் காட்டும் எதிர்ப்பொருளும் இருந்தன.

எங்கள் வீட்டில் கறுப்பனுக்கு ஒன்றும் வரவில்லை. அவன் நாய் என்பது ஒரு காரணம். வீட்டுக்குள் வராதவன் என்பது அதைவிடப் பெரிய காரணம் என்றே நான் நினைக்கிறேன். எங்கள் பக்கத்து நாய் வளவுக்குள் வளர்கிறது; கிணற்றடியில் படுக்கும், மாமரத்தடியில் சாப்பிடும். பூனைக்கு அந்த எல்லை இல்லை. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் எனக்குத் தெரிந்த முஸ்லிம் குடும்பங்களில் பூனை வீட்டுப் பிள்ளையைப் போலப் பாயிலும் கட்டிலிலும் புழங்குகிறது. எங்கள் வீடுகளிலும் அப்படித்தான். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வில், உரிமையாளரின் கட்டிலில் படுத்துறங்கும் பூனைகளுக்குத் தொற்று வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது என்று வாசித்தபோது அம்மாவின் தலையணைதான் என் கண்முன் வந்தது. இப்போது நாய்களையும் குளிரூட்டிய அறைக்குள் வைத்து வளர்க்கும் வீடுகள் கல்லடிப் பக்கம் பெருகிவருகின்றன. அந்த நாய்களுக்குக் கறுப்பனுக்கு இருந்த காற்றோட்டம் கிடைப்பதில்லை.

2021 ஜூனில் தெகிவளை மிருகக்காட்சிச்சாலையில் தோர் என்ற சிங்கத்துக்குத் தொற்று உறுதியானதை எங்கள் பத்திரிகைகளிலும் வாசித்தோம். அதே மாதத் தொடக்கத்தில் சென்னை வண்டலூரில் நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது. சிங்கமும் பூனைக் குடும்பம்தானே என்று அப்போது பேசிக்கொண்ட நாங்கள், அந்தப் பேச்சை எங்கள் குசினிவரை கொண்டுவரவில்லை என்பதை எண்ணும்போது இன்றும் மனம் வருந்துகிறது.

கொவிட் முடிந்த கதை என்று சொல்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். இது கொவிட்டோடு தொடங்கவுமில்லை, அதோடு முடியவுமில்லை. 1933இல் லண்டனில் மனித இன்புளுவன்சா வைரஸை முதன்முதலில் பிரித்தெடுத்தவர்கள், நோயாளிகளின் தொண்டை கழுவிய நீரை ஃபெரட்டின் மூக்கில் விட்டுத்தான் அதைச் செய்தார்கள். மேற்கு நாடுகளில் ஃபெரட்டை வீட்டில் வளர்க்கிறார்கள். 2009இல் எச்1என்1 காய்ச்சல் உலகெங்கும் பரவியபோது, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 13 வயது வீட்டுப் பூனை ஒன்றுக்கு அதே வைரஸ் வந்தது, வீட்டார் முதலில் நோயுற்றிருந்தார்கள், பூனை பிழைத்துக்கொண்டது. ஒறிகன் மாநிலத்தில் நடந்தது வேறு. ஒரு பெண் கடுமையான காய்ச்சலோடு வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப்பட்டார். அவர் அங்கே சிகிச்சை பெற்றுக்கொண்டிருக்கையில் வீட்டில் அவருடைய பூனை நியூமோனியாவால் இறந்தது. தன்னிடமிருந்து போன நோயால் தன் பூனை இறந்த செய்தி அவருக்கு எப்போது சொல்லப்பட்டிருக்கும் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

பூனையிலிருந்து மனிதருக்குத் திரும்பி வந்ததே இல்லையா என்றால், வந்திருக்கிறது. ஆனால் மிக அரிது. 2021 ஓகஸ்றில் தாய்லாந்தில் தகப்பனும் மகனும் கொவிட்டோடு வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார்கள். அவர்களோடு ஒரே கட்டிலில் படுத்துறங்கிய பூனையைச் சோதிப்பதற்காகச் சொங்க்லா மாகாணத்தில் ஒரு பெண் மிருக வைத்தியர் அதன் மூக்கில் மாதிரி எடுத்தபோது, பூனை அவருடைய முகத்தில் தும்மியது. அவர் முகக்கவசமும் கையுறையும் போட்டிருந்தார், கண்ணுக்கு மட்டும் காப்பு இல்லை. மூன்று நாளில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. நால்வரின் வைரஸும் ஒன்றே என்று மரபணு காட்டியது, பூனையையும் சேர்த்துத்தான் நால்வர் என்கிறேன். ஆயிரக்கணக்கில் நெருக்கமாக அடைத்து வளர்க்கும் இடத்தில் நிலைமை மோசமாகும். டென்மார்க்கில் உரோமத்துக்காக மிங்க் என்ற சிறு விலங்கை வளர்க்கும் பண்ணைகளில் மனிதரிடமிருந்து புகுந்த வைரஸ் அங்கே மாற்றமடைந்து மனிதருக்குத் திரும்பியபோது, 2020 நவம்பரில் அந்நாட்டிலிருந்த கோடிக்கு மேற்பட்ட மிங்குகள் அனைத்தையும் கொல்ல முடிவெடுத்தார்கள். வீட்டில் இருக்கும் ஒரு பூனையை அந்தப் பண்ணையோடு சேர்த்துப் பேசுவது நியாயமல்ல.

அப்படிச் சேர்த்துப் பேசியவர்களால்தான் நான் அந்த நாட்களில் மிகவும் நொந்தேன். வெள்ளச்சி தும்முகிறாள் என்பது வேலிக்கு அப்பால் கேட்டவுடன், எங்களோடு நெடுநாள் பழகிய ஒருவர், "சாக்குல போட்டுக் கட்டி வாவிக்கு அங்கால விட்டிட்டு வாங்க" என்று தொலைபேசியில் சொன்னார். எங்கள்மேல் அக்கறை கொண்டுதான் சொன்னார். ஆனால் அவளுக்கு நோயைக் கொடுத்தவர்கள் நாங்களாகவே இருக்கலாம். நோயுற்றவரைச் சாக்கில் கட்ட வேண்டுமென்றால் அம்மாவிலிருந்து தொடங்கவேண்டும் என்று எனக்கு அப்போது வாயில் வந்தது, சொல்லவில்லை. நோயோடு துரத்தப்படும் பூனை ஊரிலுள்ள மற்றப் பூனைகளோடு சேரும். அதனால் தொற்று கூடுமே தவிரக் குறையாது.

வைத்தியர் சொன்னபடி செய்தோம். கொதித்து ஆறிய நீரில் துணியை நனைத்துக் கண்ணையும் மூக்கையும் துடைத்தோம். சூடையை உப்பும் மிளகாயும் வெங்காயமும் சேர்க்காமல் அவித்து, அந்தச் சாற்றைச் சூடாகவே வைத்தோம். ஆவியில் மணம் எழும்பும் என்பதற்காக. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, இரண்டு நாளைக்கு மேல் ஒன்றும் சாப்பிடாவிட்டாலோ உடனே அழைக்கச் சொன்னார். பட்டினி கிடக்கும் பூனைக்கு ஈரலில் கொழுப்புப் படிந்துவிடும், அது தடிமனைவிட ஆபத்து என்று விளக்கினார். தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவினோம். பூனைக்கு முகக்கவசம் போட்டுப் படமெடுத்து அனுப்புவது அப்போது வழக்கமாக இருந்தது. மூச்சுக்குத் திணறும் விலங்குக்கு அது வதை. ஒன்பதாம் நாள் காலை அரிசிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, சாற்றுக் கோப்பையை நக்கி முடித்து, வெறும் கோப்பையைத் தரையில் தள்ளிக்கொண்டே போனாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு அம்மா அறைக்குள்ளிருந்து அழுதார்.

முன்வீட்டு அம்மம்மாவிடம் நான் சொன்னதும் இவ்வளவுதான்: பிள்ளைக்குக் காய்ச்சலும் இருமலும் விடும்வரை குட்டி வேறு இடத்தில் படுக்கட்டும், சாப்பாடு வைப்பதை வீட்டில் சுகமாக இருக்கிற ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும், பிள்ளை கடித்த பிஸ்கற்றைக் குட்டிக்குக் கொடுக்க வேண்டாம், முத்தமிட வேண்டாம். தும்மினால் மிருக வைத்தியரிடம் கேளுங்கள், பனடோலைத் தொடவேண்டாம். வேறு யாரும் இல்லாத வீட்டில் நோயாளியேதான் பார்க்க வேண்டுமென்றால், முகக்கவசம் போட்டுக்கொண்டு பார்க்கலாம்.

நேற்றுப் போய்ப் பார்த்தேன். விறாந்தையில் ஒரு பழைய காட்போட் பெட்டிக்குள் பிள்ளையின் சின்னச் சட்டை ஒன்றை விரித்துக் குட்டியைப் படுக்க வைத்திருந்தார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது, இருமல் இருந்தது. யன்னலுக்கு உள்ளே நின்றபடி, எத்தனை நாளுக்கு என்று என்னிடம் கேட்டாள். இருமல் விட்டுப்போகும்வரை என்றேன். குட்டி பெட்டியின் ஓரத்தில் முன்னங்கால்களை வைத்து எழும்பி நின்று அவளைப் பார்த்துக் கத்தியது. அவள் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பி இருமினாள்.